விண்டோஸ் பன்னிரண்டும் உம்மாவின் வயசும்

தேங்காப்பட்டணத்தில் வந்து சுஹைல் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் சுஹைல் என்று கேட்டால் ஒருத்தனைத்தான் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "உங்களுக்க லேப்டாப்பு நல்லா ஓடுதுன்னா அவனுக்கிட்ட கொண்டு போவாண்டாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொல்வார்கள்.

வயசு பதினெட்டு. பாலிடெக்னிக்கில் இரண்டாவது செமஸ்டர் வரை படித்தவன். அதாவது, இரண்டாவது செமஸ்டர் பரீட்சை நடந்த அன்று வாசல் வரை போய், உள்ளே எல்லோரும் வியர்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இரக்கப்பட்டுத் திரும்பி வந்தவன். அவனுடைய கம்ப்யூட்டர் அறிவு முழுக்கவும் வீடியோக்களில் இருந்து வந்தது. எந்த வீடியோவையும் அவன் பாதிக்கு மேல் பார்த்ததில்லை. ஆகவே எதையும் கழற்றத் தெரியும்.

குறும்பில் மட்டும் குறை வைக்கவில்லை. ஜங்ஷனில் முருகதாஸ் இ-சேவைக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் அவர் சாயா குடிக்கப் போன நேரத்தில் சுஹைல் அந்தக் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக ஒட்டி, உண்மையான ஐகான்களை மறைத்து வைத்தான். முருகதாஸ் ஒரு மணி நேரம் படத்தில் இருந்த ஐகான்களை அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரிப்பேர் பார்க்கக் கூப்பிட்டதும் சுஹைலைத்தான். அவன் போய், முகத்தை டாக்டர் மாதிரி வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சீரியஸ்தான் அண்ணே" என்று சொல்லி, ஒரு சாயாவும் இரண்டு பழம்பொரியும் தின்றுவிட்டுச் சரியாக்கினான். விஷயம் வெளியே வந்த நாளில் இருந்து அந்தக் கடையில் அவனுக்கு மௌஸைத் தொட அனுமதி இல்லை.

இப்படிப்பட்டவன் கையில் அவனுடைய உம்மாவின் வேலை வந்து மாட்டியதுதான் கதை.

உம்மா ஜமீலா பீவிக்கு நாற்பத்தி மூன்று வயசு. கல்யாணத்துக்கு முன்னே குளச்சலில் டைப்ரைட்டிங் படித்து, தமிழிலும் இங்கிலீஷிலும் லோயர் பாஸானவள். ஹையர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளை சைபுதீனுக்கு லீவு குறைவு, பரீட்சைக்கு அப்படி ஒன்றும் அவசரம் இல்லை என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எட்டு வருஷம் சவுதியில், தம்மாமில் இருந்தாள். பக்கத்து ஃபிளாட் எல்லாம் மலையாளம். பிறகு மகனின் படிப்புக்காக ஊருக்கு வந்தாள். படிப்பு என்ன ஆயிற்று என்பதை மேலே பார்த்தோம். அந்த ஹால் டிக்கெட் மட்டும் இப்போதும் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற போன் பேச்சைக் கேட்டு, பேசினபடியே எழுதித் தர வேண்டும். எல்லைப் பக்கத்து ஆட்கள் தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவது அவர்களுடைய மெஷினுக்கும் பிடிபடவில்லை, சென்னையில் இருந்து எழுதியவர்களுக்கும் பிடிபடவில்லை. "பிள்ளைக்கு ராத்திரி மொத்தம் சர்தி, இப்ப கொள்ளாம்" என்று ஒரு தாய் சொன்னதை, "பிள்ளைக்கு ராத்திரி மொத்தம் சக்தி, இப்போது கொல்லலாம்" என்று ஒருவர் எழுதி அனுப்பியிருந்தாராம். ராத்திரி முழுக்க வாந்தி, இப்போது பரவாயில்லை என்பதுதான் அந்தத் தாய் சொன்னது. போனில் வைத்த டெஸ்ட்டில் உம்மா ஒரு சொல் பிசகாமல் எழுதிவிட்டாள். வேலை கிட்டத்தட்டக் கிடைத்தது. வீட்டில் இருக்கிற லேப்டாப்பின் விவரம் கொடுத்தால் போதும் என்றார்கள்.

அந்த லேப்டாப், வாப்பா தம்மாமில் டிரைவராக இருக்கிற ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கியது. அதில் இருந்த விண்டோஸை ஓட விட்டு, ஒரு கிலோ நெத்திலியைக் கிள்ளிக் கழுவி வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். உம்மா அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுஹைலுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்று வெளியே சொன்னால் மரியாதை போய்விடும். ஆகவே ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, விண்டோஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு லினக்ஸ் போட்டான். உம்மா பயந்துவிடக் கூடாது என்று அதற்கு விண்டோஸ் வேஷமும் கட்டினான். அதே ஸ்டார்ட் பட்டன், அதே குப்பைத்தொட்டி, பின்னணியில் அதே பச்சை மேடு. வழியில் அது ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. ஒன்றைப் போட்டான். என்ன போட்டான் என்பது இப்போதைக்கு வேண்டாம். எப்படியும் பின்னால் மானம் போகப் போகிறது.

"நல்ல பறக்குதே மக்கா. இது என்ன விண்டோஸ்?" என்று உம்மா கேட்டாள்.

லினக்ஸ் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுஹைலின் வாய் அவனுடைய மூளையைக் கேட்டு நடக்கிற வாய் இல்லை. "பன்னெண்டு. புதுசு. இன்னும் வெளிய வரல" என்றது அது.

பன்னிரண்டு தெரு முழுக்கப் பரவியது. மாமா மகள் ஷஹ்லா நாகர்கோவிலில் பி.சி.ஏ. படிக்கிறவள். அவள் ஒருநாள் வந்து, "உங்க வீட்டுல பன்னெண்டு ஓடுதாமே. எங்க காலேஜுல பாவம், பதினொண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, உம்மாவின் முகத்தைப் பார்த்து, மேலே ஒன்றும் பேசாமல் போனாள்.

செவ்வாய்க்கிழமை சுஹைல் வெளியே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கம்பெனியில் இருந்து போன் வந்தது. புதன்கிழமை சோறு தின்னும்போது உம்மா அதைச் சொன்னாள்.

"ஜினின்னு ஒரு பிள்ளை விளிச்சா. நம்ம மார்த்தாண்டத்து பிள்ளையாக்கும். என்ன விண்டோஸ்னு கேட்டா. பன்னெண்டுன்னேன்."

சுஹைல் வாய்க்குக் கொண்டுபோன மரச்சீனிக் கிழங்கைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

"பின்ன வயசு கேட்டா. நாப்பத்தி மூணுன்னேன். எஃப் நாப்பத்தி மூணான்னு திருப்பிக் கேட்டா. எஃப் தானே வரும், ஜமீலா பீவின்னு பேரு சொல்லிட்டுத்தானே பேசுதேன்னேன். ஓகே மேடம்னு வச்சிட்டா."

"கம்ப்யூட்டர் விவரத்துக்கு இடையில வயசு எதுக்கும்மா?"

"அதை நான் எப்படி கேக்க? வேலைக்கு ஆள் எடுக்குறவங்க வயசு கேக்க மாட்டாங்களா? இப்ப பாரு, மெயிலு வந்திருக்கு. இங்கிலீஷுல ஒருபாடு எழுதியிருக்கு, ஒண்ணும் விளங்கல."

சுஹைல் கை கழுவாமலே மெயிலைப் படித்தான். ஒரு படிவம் இருந்தது. ஓஎஸ்: விண்டோஸ் 12. பயோஸ் வெர்ஷன்: எஃப்.43. கீழே நாலு வரி. பன்னிரண்டு என்று ஒன்று வெளிவந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்றும், ஆகையால் இரண்டு விவரத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சரியான விவரம் வராவிட்டால் அடுத்த ஆளை எடுப்போம் என்றும்.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜினி பயோஸ் கேட்டிருக்கிறாள். மார்த்தாண்டம் பக்கத்து வாயில் பயோஸ் பயஸ் ஆகும். தம்மாமில் மலையாளம் பழகின உம்மாவின் காதில் பயஸ் வயஸ் ஆகும். வயசு நாற்பத்தி மூன்று, பெண், எஃப். ரயில் டிக்கெட்டில் போடுவது போல உம்மா தன்னையே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த லேப்டாப்பிலோ பயோஸ் நம்பர்கள் எஃப் என்றுதான் தொடங்குமாம். கம்பெனி சந்தோஷமாக எழுதிக்கொண்டது.

"என்ன எழுதியிருக்கு?"

"சும்மா ஒரு போட்டோ கேட்டிருக்காங்க. நான் அனுப்புதேன்" என்றான்.

ஒரு நல்ல பிள்ளை அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கும். சுஹைல் லேப்டாப்பை நிறுத்தி, திரும்பப் போட்டு, தொடங்குகிற அந்த இரண்டு நொடியில் மேல் வரிசைச் சாவிகளை எல்லாம் ஆர்மோனியம் வாசிப்பது போல அமுக்கினான். அப்படி அமுக்கினால் பயோஸ் தெரியும் என்று ஒரு வீடியோவின் முதல் பாதியில் பார்த்திருந்தான். எந்தச் சாவி என்பது இரண்டாம் பாதியில் இருந்தது.

பிறகு ஷஹ்லா வீட்டுக்குப் போனான். அவளிடம் ஆப்பிள் கம்பெனியின் மேக் லேப்டாப் ஒன்று உண்டு. அதன் திரையைப் படம் பிடித்து உம்மாவுடையது என்று அனுப்பிவிடலாம் என்பது திட்டம்.

"இதுல பயோஸ் எங்கட்டி இருக்கு?"

"இதுல அந்தப் பேரு கிடையாதுலே. இடது மூலையில ஆப்பிளை அமுக்கி, மேக்கைப் பத்தின விவரத்துல போய், சிஸ்டம் ரிப்போர்ட்டைத் திற. சிஸ்டம் ஃபர்ம்வேர் வெர்ஷன்னு இருக்கு பாரு."

பார்த்தான். புள்ளி புள்ளியாக நம்பர் நீண்டு போய்க்கொண்டே இருந்தது. கள்ளத்தனத்துக்கு ஆகாத நம்பர்.

"பயோஸ்னா என்னன்னு உனக்குத் தெரியுமா முதல்ல?" என்றாள் ஷஹ்லா. "அது மெஷினுக்க கூடப் பிறந்தது. பட்டனை அமுக்கின உடனே முதல்ல முழிக்கிறது அதாக்கும். அது எழும்பித்தான் விண்டோஸையோ லினக்ஸையோ தட்டி எழுப்பும். நீ மேல எதைப் போட்டாலும் அடியில அது அப்படியே இருக்கும். ஒவ்வொண்ணுலயும் அதைக் கேக்குற விதம்தான் வேற."

"எனக்குத் தெரியாதா?"

"மாமிக்கிட்ட உண்மையைச் சொல்லிரு."

"சொல்லுதேன்."

லினக்ஸில் எப்படிக் கேட்பது என்று அங்கேயே கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும் அல்லவா. பேசாமல் முருகதாஸ் கடைக்கு நடந்தான்.

"கையைக் கட்டிட்டு அங்கன நின்னு பேசு" என்றார் முருகதாஸ்.

"அண்ணே, விண்டோஸுல பயோஸ் எப்படிப் பாக்கிறதுன்னு ஒண்ணு காட்டுங்க."

"எதுக்குலே?"

"பொது அறிவுக்கு."

முருகதாஸ் சந்தேகத்தோடு விண்டோஸ் சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அமுக்கினார். சின்னப் பெட்டி ஒன்று வந்தது. அதில் எம், எஸ், இன்ஃபோ, முப்பத்திரண்டு என்று சேர்த்து அடித்தார். விவரமெல்லாம் வரிசையாக வந்து நின்றது. நடுவில் பயோஸ் வெர்ஷன். சுஹைல் எட்டி நின்றே போனில் படம் பிடித்தான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், டியூப் லைட் வெளிச்சம் சரியாக அந்த வரியின் மேல் விழுந்திருந்தது. பரவாயில்லை என்று அந்த வரியை அழித்து, தானே எழுதினான். விண்டோஸ் பதினொன்று, பயோஸ் எஃப்.43. தன் கைவேலையைத் தானே இரண்டு நிமிஷம் ரசித்தான். வியாழக்கிழமை காலையில் உம்மாவின் மெயிலில் இருந்து அனுப்பினான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையில் அவன் கேட்ட நீண்ட துஆவைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் பையன் திருந்திவிட்டான் என்று நினைத்திருப்பார்.

மூன்றே முக்காலுக்கு வீடியோ கால் வந்தது. ஜினி. உம்மா அவசரமாகப் புதுத் தட்டத்தை முக்காடாகத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, லேப்டாப்பு திரையை எனக்கு போனுல காட்டணும். பிடிக்க யாராவது உண்டா?"

"எனக்க மோன் உண்டு. அவனுக்கு இதெல்லாம் அத்துப்படியாக்கும்."

சுஹைல் போனைப் பிடித்தான். திரை ஆடியது.

"தம்பி, அங்க நிலநடுக்கமா?"

"நெட்டு சரியில்லக்கா."

"நெட்டு சரியில்லன்னா படம் நிக்கும், ஆடாது. அக்கா, விண்டோஸ் சாவியையும் ஆரையும் சேர்த்து அமுக்குங்க."

உம்மா அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. ஸ்டார்ட்டில் போய் எம், எஸ், இன்ஃபோ, முப்பத்திரண்டு என்று அடிக்கச் சொன்னாள் ஜினி. அடித்தாள். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று வந்தது. பச்சை மேடும் குப்பைத்தொட்டியும் ஒன்றும் அறியாத மாதிரி இருந்தன.

"பன்னெண்டுல வேற இடத்துல வச்சிருப்பான்" என்றாள் உம்மா. பிறகு திரும்பி சுஹைலைப் பார்த்தாள். "நீ சொல்லு மக்கா. இதுல எங்க இருக்கு?"

அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்திருந்தால் அவன் இன்னொரு பொய் சொல்லியிருப்பான். இல்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

"உம்மா, இது பன்னெண்டு இல்ல."

"பின்ன, பதினொண்ணா?"

"பதினொண்ணும் இல்ல. விண்டோஸே இல்ல. லினக்ஸுன்னு வேற ஒண்ணு. நான் விண்டோஸ் மாதிரி வேஷம் கட்டி வச்சேன்."

நெய்மீன் என்று வாங்கிய துண்டு வேறு மீன் என்று வீட்டில் வந்து கழுவும்போது தெரிந்தால் பார்ப்பது போல, உம்மா அந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அப்ப நேத்து வந்த படம்?" என்றாள் ஜினி.

"நான் செஞ்சது."

"தெரியும். வெர்ஷன்னு வர வேண்டிய இடத்துல ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இடம் மாறி வெரிசன்னு கிடந்துது. எந்த விண்டோஸும் அந்தத் தப்பைச் செய்யாது. அதனாலதான் விளிச்சேன்."

"அப்ப நான் சொன்ன நாப்பத்தி மூணு?" என்றாள் உம்மா.

"அதை நான் கேக்கணும். அது எதுக்க நம்பர் அக்கா?"

"எனக்க வயசு."

ஜினி படிவத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"நான் பயஸ் எவ்வளவுன்னு கேட்டேன்."

"நீ வயஸ் எவ்வளவுன்னு கேட்ட."

"பயஸ் அக்கா."

"அதைத்தான் பிள்ளே நானும் சொல்லுதேன்."

உம்மா தட்டத்தைச் சரி செய்தாள். லேப்டாப்பை மூடக் கை நீட்டினாள். "செரி ஜினி. காது கேட்டு எழுதுற வேலைக்கு வந்துட்டு, காதே தப்பாப் போச்சு. வீட்டுல இருந்து கள்ளப் படமும் வந்தாச்சு. நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் சுஹைலுக்குப் பழக்கம் உண்டு. உம்மா அதை ரேஷன் கார்டுக்கு அடியில் காகிதம் வைப்பது போல மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, கள்ளம் காட்டினது நானாக்கும்" என்றான் சுஹைல் போனைப் பார்த்து. "உம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. மெயிலுல என்ன எழுதியிருந்துதுன்னுகூட நான் சொல்லல. என்ன வேணும்னாலும் என்னையச் சொல்லுங்க. அஞ்சு மணி இன்னும் ஆகலல்லா."

ஜினி யோசித்தாள். "மணி நாலேகால். லினக்ஸோட கம்பெனிக்கு ஒரு விரோதமும் கிடையாது. இந்த மாடலுக்கு பயோஸ் எஃப் முப்பதுக்கு மேல இருக்கணும், அவ்வளவுதான். அதுக்குக் கீழ உள்ளதுல ஒரு ஓட்டை உண்டு, அது வழியா கள்ளன் வருவான். முப்பதுக்குக் கீழன்னா என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது. பாப்போமா அக்கா?"

உம்மா மூடப் போன கையை எடுத்தாள்.

டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் ஜினி. பிறகு டிக்டேஷன் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எஸ், யு, டி, ஓ. ஒரு ஸ்பேஸ். டி, எம், ஐ, டீகோட், எல்லாம் சேர்த்து ஒரே சொல்லா. ஸ்பேஸ். சின்னக் கோடு, எஸ். ஸ்பேஸ். பயோஸ், சின்னக் கோடு, வெர்ஷன்."

உம்மாவின் பத்து விரலும் இறங்கின. சுஹைல் இரண்டு விரலால் கொத்துகிற சாதி. அந்த விரல்கள் சாவியைப் பார்க்காமலே போய் வருவதை அவன் இதற்கு முன்னே கவனித்ததில்லை. கடைசிச் சொல்லுக்கு மட்டும் உம்மா வேகத்தைக் குறைத்து, அவன் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, "வி, இ, ஆர், எஸ், ஐ, ஓ, என்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

"பாஸ்வேர்ட் கேக்குது."

"தம்பிக்குத் தெரியுமே."

"நானே அடிக்குதேன்" என்று சுஹைல் கையை நீட்டினான்.

"நீ போனைப் பிடி. அக்கா அடிக்கட்டும். உனக்க கையை நம்புறதுக்கு இல்ல."

வேறு வழி இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உம்மா ஹையர் பாஸ்."

"என்னது?"

"உம்மாஹையர்பாஸ். இங்கிலீஷுல. சேர்த்து. எல்லாம் சின்ன எழுத்து."

வெளியே மீன்காரர் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சுஹைலுக்கு அந்த வண்டியில் ஏறி, அது எங்கே போகிறதோ அங்கே போய்விடலாம் போல இருந்தது.

பாஸ்வேர்ட் அடிக்கும்போது கறுப்பு ஜன்னலில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. அவன் அடித்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இரண்டு தடவையாவது தவறும். உம்மாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. குளச்சல் இன்ஸ்டிட்யூட்டில் விரலுக்கு மேலே அட்டையை வைத்து மறைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். அடித்தாள். என்டர். தப்பு என்று வந்தது.

உம்மா தவறு செய்வாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. உடனே தெரிந்துவிட்டது.

"உம்மா, ஹையருக்கு நீங்க எப்படி எழுதுனீங்க?"

"எச், ஐ, ஜி, எச், இ, ஆர். வேற எப்படி எழுத?"

"இதுல அப்படி இல்ல. எச், ஐ, ஆர், இ."

போனில் ஜினி தொண்டையைச் செருமினாள். "தம்பி, அப்படி எழுதுனா வேலைக்கு எடுக்கிறதுன்னு அர்த்தம்."

"அது எனக்குத் தெரியாதுக்கா" என்றான் சுஹைல். அவன் சொன்னதிலேயே அன்றைக்கு முழு உண்மை அதுதான்.

உம்மா திரும்ப அடித்தாள். பன்னிரண்டு எழுத்து. என்டர். கறுப்பில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்தது. சுஹைல் போனை அசைக்காமல் பிடித்தான்.

"எஃப் புள்ளி முப்பத்தி நாலு" என்று ஜினி வாசித்தாள். "போதும் அக்கா. தாராளமா போதும்."

"ஒம்பது வயசு குறைஞ்சு போச்சு" என்றாள் உம்மா.

அதற்குத்தான் ஜினி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "ஒரு காரியம் பாக்கி உண்டு. எஃப் நாப்பத்தி மூணுன்னு படிவத்துல எழுதினது நான். எப்படி வந்துதுன்னு மேல கேப்பாங்க. செவ்வாய்க்கிழமை நாம பேசினது ரெக்கார்டு ஆகியிருக்கு. அதை அனுப்புதேன். அக்கா அதைக் கேட்டு, ஒரு சொல் விடாம எழுதி அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். எனக்கு அதுதான் விளக்கம். உங்களுக்கு அதுதான் முதல் வேலை. தம்பி அந்தப் படத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதணும். மறைக்க மாட்டேன், அதையும் சேர்த்துத்தான் மேல அனுப்புவேன். ஸ்பெல்லிங்கை உம்மாவைக்கொண்டு பாத்துக்கோ."

ரெக்கார்டு வந்தது. உம்மா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி அடித்தாள். சுஹைல் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்பு எழுதினான். ஜினியின் குரல், என்ன விண்டோஸ் என்றது. உம்மாவின் குரல் பதில் சொன்னது. சோறு தின்னும்போது உம்மா அவனிடம் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று அதில் இருந்தது.

"பன்னெண்டாக்கும். எனக்க மோன் போட்டுத் தந்தது. முன்ன இருந்தது ஓடாது. நான் அதுக்க முன்னால சும்மா இருக்கதைப் பாத்துட்டு, சொல்லாமலே மாத்தித் தந்தான். ஊருல அவனை ஆயிரம் சொல்லுவாங்க. அது கிடக்கட்டும். நல்ல பயலாக்கும்."

சுஹைலின் பேனா நின்றது.

"உம்மா, அதை விட்டுருங்க. அது கம்ப்யூட்டர் விவரம் இல்லல்லா."

"ஒரு சொல் விடாம எழுதணும்னு சொல்லியிருக்கு" என்றாள் உம்மா. பயலாக்கும் என்பதைப் பேசினபடியே, ஆக்கும் குறையாமல் அடித்தாள்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் போயிற்று. மன்னிப்புக் கடிதம் ஏழு வரி. உம்மா திருத்தியது ஒன்பது இடம். ஆறு மணிக்குப் பதில் வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கலாம் என்று.

பாஸ்வேர்டை மாற்றித் தருகிறேன் என்று சுஹைல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். வேண்டாம், கைக்குப் பழகிவிட்டது என்று உம்மா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை ஷஹ்லா வந்தாள். காலேஜுக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே வந்தாள். உம்மா காதில் ஹெட்போனோடு, யாரோ ஒரு நோயாளியின் வயிற்றுவலியை அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இப்ப என்ன விண்டோஸ் ஓடுது?"

உம்மா ஒரு காதை மட்டும் விலக்கினாள். விரல் நிற்கவில்லை.

"பன்னெண்டு" என்றாள்.

ஷஹ்லா திரும்பி சுஹைலைப் பார்த்தாள். அவன் குனிந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சை ரிப்பேர் பார்க்கத் தொடங்கினான்.